கை வெட்டுக்குப் போன இடத்தில்

வெண்டல் ஏணியில் நின்று ஜன்னல் சட்டத்தைத் தோளால் முட்டியபோது கண்ணாடி உடைந்து அவனுடைய இடது உள்ளங்கையில் இறங்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மார்லிஸின் தொப்பியில் இரண்டு சொட்டு விழுந்தது. மழை என்று நினைத்து அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகுதான் மேலிருந்து குரல் வந்தது.

"மார்லி, நான் செத்தேன்."

"செத்தவன் பேசமாட்டான். மெதுவா இறங்கு."

அவர்கள் பிரிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் நவம்பரில் குளிர் இறுகுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வெண்டல் வந்துவிடுவான். பழைய வீட்டின் ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் இரண்டாவது கண்ணாடியை மாட்டிவிட்டுப் போவான். அந்தச் சட்டங்களைச் செய்தவன் அவன்தான். எது எந்த ஜன்னலுக்குப் பொருந்தும் என்று அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எதுவுமே எதற்கும் பொருந்தாது என்பது மார்லிஸின் கட்சி. வேலை முடிந்ததும் கொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்து அனுப்புவாள். விஸ்கான்சினில் விவாகரத்து ஆகாத பல தம்பதிகள் இவர்கள் அளவுக்குக்கூடப் பேசிக்கொள்வதில்லை.

சமையலறையில் அவனை உட்காரவைத்து, துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கட்டைவிரலை மடக்கு."

"மடங்காது."

"முயற்சியே பண்ணல நீ. மடக்கு. ம். இப்ப நீட்டு. நான் தொடுறது தெரியுதா?"

"எல்லாம் தெரியுது. எமர்ஜென்சிக்குப் போலாம் மார்லி. நரம்பு அறுந்திருக்கும்."

"அறுந்திருந்தா விரல் இப்படி ஆடாது. ரத்தமும் குறையுது. தையல் போடணும், அவ்வளவுதான். அர்ஜென்ட் கேருக்குப் போறோம்."

"டயர் கடை பக்கத்துல இருக்கே, அதுவா? அங்க தொண்டை வலிக்கு மாத்திரை குடுப்பாங்க."

"தொண்டை வலி, சுளுக்கு, காய்ச்சல், உன்னை மாதிரி கையைக் கிழிச்சுக்கிட்டவன், எல்லாத்துக்கும் அதுதான் இடம். உயிர் போற விஷயத்துக்கு எமர்ஜென்சி. உனக்கு உயிர் போகல, மானம்தான் போயிருக்கு."

இதை அவள் யோசிக்காமல் சொன்னாள். தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவள். அந்தப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் நர்ஸ் வருவாள். மற்ற நாட்களில் விழுந்த பிள்ளையும் வாந்தியெடுத்த பிள்ளையும் நேராக மார்லிஸின் மேஜைக்குத்தான் வரும். யாரை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது, யாருடைய தாயைக் கூப்பிடுவது, எதற்கு ஆம்புலன்ஸ் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அவள் கணிப்பு தவறியதாக யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும் நினைவில்லை.

வெண்டல் வேறு ரகம். காகித ஆலையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஈஸ்டர் விருந்துக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். தெருவே வாசலில் வந்து நின்றது. எமர்ஜென்சியில் அரை நாள் காத்திருந்து, கடைசியில் அது வாயுத்தொல்லை என்று தெரிந்தது. அந்த வெட்கத்தில் மார்லிஸ் ஆறு மாதம் மளிகைக்கடைக்கு ஊரின் மறுகோடிக்குப் போனாள். விவாகரத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். வெண்டல் துண்டு சுற்றிய கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாலத்தைத் தாண்டும்போது அவளுக்குக் கீழ்த்தாடை கடுத்தது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்கவே உடம்பு அசதியாக இருந்தது. மாடிப்படி ஏறி இறங்கினால் உட்கார வேண்டியிருந்தது. இலைகளைக் கூட்டிக் குவித்த அலுப்பு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். இப்போது கழுத்தோரம் வியர்த்தது. ஹீட்டரைக் குறைத்தாள்.

"எனக்குக் குளிருது. ரத்தம் போனா அப்படித்தான் இருக்கும்" என்றான் வெண்டல்.

அவள் ஹீட்டரைத் திரும்பக் கூட்டினாள்.

அர்ஜென்ட் கேரில் கூட்டம் அதிகமில்லை. கணுக்கால் வீங்கிய ஒரு பெண்ணும் இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவரும் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, இங்கேயே தைத்துவிடலாம், சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்றாள். மார்லிஸ் வெண்டலைப் பார்த்தாள். வழக்கமாக அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு வாக்கியம் வரும். அன்று அதைச் சொல்வதற்கு எழுந்த மூச்சை அவள் வேறெதற்கோ செலவழிக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரி கால்பந்து. வெண்டல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு பேச ஆரம்பித்தான்.

"அந்தச் சட்டத்துல ஒரு தப்பும் இல்ல. உன் வீட்டுச் சுவர்தான் ஒரு பக்கம் இறங்கியிருக்கு."

"சரி" என்றாள் மார்லிஸ்.

அவன் காத்திருந்தான். வேறொன்றும் வரவில்லை.

"போன வருஷம் உன் பக்கத்து வீட்டுக்காரன் வந்து அந்தக் கதவைத் தட்டிக்கொட்டினானே, அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம். அவனுக்குச் சுத்தி எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"இருக்கும்."

அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. காலையில் காபியோடு எதுவும் சாப்பிடாதது தப்பு என்று நினைத்தாள். வலியென்று சொல்ல முடியாது. யாரோ கோட்டின் பொத்தான்களை ஒரு துளை மாற்றிப் போட்டுவிட்டது போல மார்பு இறுகியிருந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினால் சரியாகிவிடும். ஆனால் எழுந்து அத்தனை தூரம் நடப்பதை நினைத்தாலே களைப்பாக இருந்தது. கதவு எதிரிலேயேதான் இருந்தது.

வெண்டல் இப்போது தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மார்லி. நாம பிரிஞ்சதுக்கு நீதான் காரணம். முழுக்க நீதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமா வெண்டல்" என்றாள்.

அவன் எழுந்தான். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. கையிலிருந்து சொட்டச் சொட்ட வரவேற்பு மேஜைக்குப் போனான். அவன் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"எனக்கில்ல. முதல்ல அவளைப் பாருங்க."

"அவங்களுக்கு என்ன பண்ணுதுங்க?"

"நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்கிறா."

அந்தப் பெண் சிரிக்கப் போனாள். வெண்டலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம் கூட இருந்தவன் நான். நான் சொல்லி ஒரு தடவை சரின்னதில்ல. முகத்தைப் பாருங்க, மாவு மாதிரி வெளுத்துக்கிடக்கு. வியர்க்குது. யாரையாவது கூப்பிடுங்கம்மா."

மார்லிஸ் வாயைத் திறந்து, அவன் எப்போதும் இப்படித்தான், ஈஸ்டர் அன்று என்ன செய்தான் தெரியுமா என்று சொல்லப் பார்த்தாள். "எப்பவும்" என்பது மட்டும் வந்தது.

உள்ளேயிருந்து ஒருத்தி வேகமாக வந்தாள். அன்றைக்கு அங்கே சிகிச்சை பார்த்தவள் அவள்தான். பெயர் மைலீ வாங். தம்பியை மார்லிஸின் பள்ளியில் படிக்கவைத்தவள். அவள் மார்லிஸின் மணிக்கட்டைப் பிடித்தபடியே கேள்விகள் கேட்டாள். தாடை எப்போதிலிருந்து? கை வலிக்கிறதா? மூச்சு? மார்லிஸ் பல்லைப் பற்றியும் இலைகளைப் பற்றியும் சொன்னாள். மைலீ தலையாட்டிக்கொண்டே சக்கர நாற்காலியை இழுத்தாள்.

உள்ளறையில் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் நீளமாக ஒரு தாளைத் துப்பியது. மைலீ அதைப் பார்த்த விதத்தை மார்லிஸ் கவனித்தாள். அலுவலகத்தில் ஒரு குழந்தையின் கை இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தால், அதன் தாயிடம் போனில் பேசும்போது தன் முகம் இப்படித்தான் வெறுமையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"மிஸஸ் ஹாகன், உங்களுக்கு மாரடைப்பு வந்திருக்கு. இந்த மாத்திரையை மென்னு முழுங்குங்க. ஆம்புலன்ஸ் வருது."

"ஆம்புலன்ஸ் எதுக்கு? வண்டி வெளியிலதான் நிக்குது. ஆஸ்பத்திரி நாலு சிக்னல் தள்ளித்தானே."

"வழியில இதயம் நின்னுபோச்சுன்னா வண்டியில உங்களைத் தவிர யார் இருப்பா?"

மார்லிஸ் யோசித்தாள். "வெண்டல் இருப்பான்" என்றாள்.

"அவர் கைக்குப் பஞ்சு வைக்கவே நான் ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன்" என்றாள் மைலீ. "பேசாம படுத்திருங்க. இது எங்ககிட்ட பார்க்கிற விஷயம் இல்ல. உங்க ரத்தக்குழாயைத் திறக்கணும். அதுக்கு ஆளும் கருவியும் அங்கதான் இருக்கு. நாங்க இங்கிருந்தே சொல்லிட்டோம், தயாரா இருப்பாங்க."

அவளை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தபோது டயர் கடைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மார்லிஸின் பள்ளியில் படித்தவர்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். தான் இன்னும் சாகவில்லை என்று காட்ட அவள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸின் முன் இருக்கையில் வெண்டல் ஏறிக்கொண்டான். கையில் புதிதாக ஒரு கட்டு. தைத்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொன்னதை அவன் கேட்கவில்லை. வழி முழுவதும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு முதன்முதலில் பயம் வந்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை நிறுத்தவே இல்லை. கதவுகள் தாமாகத் திறந்துகொண்டே போயின. யாரோ பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார்கள். யாரோ சட்டையைக் கத்தரித்தார்கள். அது நல்ல சட்டை. மணிக்கட்டில் ஊசி இறங்கியது. தலைக்கு மேலே இருந்த திரையில் அவளுடைய இதயம் ஒரு சாம்பல் நிழலாக அசைந்தது. அதில் ரத்தக்குழாயின் ஒரு கிளை பாதியில் முடிந்திருந்ததை அவளே பார்த்தாள். பிறகு அந்தக் கிளை நீண்டது. தாடை வலி, ஸ்விட்சை அணைத்ததுபோல் நின்றது. இத்தனை நேரம் வலித்தது பல் இல்லை என்பதை அவள் அந்த நிமிடத்தில்தான் ஒப்புக்கொண்டாள்.

வெண்டலுடைய கதை வேறு. எமர்ஜென்சி காத்திருப்பு அறையில் அவனை உட்காரவைத்தார்கள். விபத்தில் அடிபட்டவர்கள் வந்தார்கள், மூச்சுத்திணறலோடு ஒரு குழந்தை வந்தது, எல்லோரும் அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். விளக்குகள் ஏற்றிய பிறகுதான் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தைத்த இளம் டாக்டர், இந்தக் கைக்கு ஏன் இங்கே வந்தீர்கள், அர்ஜென்ட் கேரில் அரைமணி நேர வேலை இது என்றார். அங்கிருந்துதான் வருகிறேன் என்றான் வெண்டல். டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தைத்து முடித்தார்.

அவன் மேலே வந்தபோது அவள் தலையணையில் சாய்ந்து ஜெல்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

"நான் காலையிலயே சொன்னேன்ல" என்றாள்.

"சொன்ன."

"கையைப் பத்தி நான் சொன்னது சரிதான்."

"கையைப் பத்திச் சரிதான்" என்று அவன் ஒத்துக்கொண்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். தோள்கள் இரண்டு முறை குலுங்கின. அவள் ஜெல்லிக் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். அவனைத் தேற்றும் பழக்கம் ஒன்பது வருடமாக விட்டுப்போயிருந்தது.

"மினியாபோலிஸுக்குப் போன் பண்ணு. கிரீட்டா வேற யார் வாயிலயாவது கேட்டா கத்துவா" என்றாள் கடைசியில்.

மகள் கிரீட்டா அன்றிரவே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். எதிர்பார்த்தபடியே கத்தினாள். ஒரு வாரமாக அசதி, மூச்சு வாங்கியது, வியர்த்தது, இத்தனையும் ஒரு வாத்தியாருக்கு வந்திருந்தால் நீ என்ன பண்ணியிருப்பே என்று கேட்டாள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று தன் மேஜைக்கு எதிரில் வந்து நின்ற எல்லோரிடமும் மார்லிஸ் கேட்டிருக்கிறாள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்கவேண்டும் என்று தோன்றியதில்லை. மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். தான் விழவில்லையே.

ஜனவரியில் பள்ளிக்குத் திரும்பினாள். முதல் வாரம் எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் உடற்பயிற்சி ஆசிரியர் லோவல் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு ஐஸ் பை கிடைக்குமா என்றார். தோளும் முதுகும் இழுக்கிறது, காலையிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது என்றார். நெற்றியில் வியர்வை இருந்தது.

"உட்காருங்க" என்றாள் மார்லிஸ்.

"உட்காரவெல்லாம் நேரமில்ல. பிள்ளைங்க கயிறு ஏறிக்கிட்டு இருக்கு."

அதற்குள் அவள் போனை எடுத்து அழுத்தியிருந்தாள். முகவரியைச் சொல்லிவிட்டு, அவருடைய வயதை அவரிடமே கேட்டு அதையும் சொன்னாள். லோவல் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். முப்பது குழந்தைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தசைப்பிடிப்பு. மறுநாள் காலை அலுவலக வாசலில் நின்று, "ஒரு ஐஸ் பைதான் கேட்டேன் மார்லிஸ். ஊர் பூரா நான் போயிட்டேன்னு பேச்சு" என்றார். ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். அவர் ஒரு வாரம் அவளிடம் நேராகப் பேசவில்லை.

அவள் காது சிவந்ததே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் அப்படி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வாள் என்று தலைமையாசிரியை கேட்டபோது, "அதையேதான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு, அன்று வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தாள்.