ஆறு மணி ரீடிங்

அன்று வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். குளிக்கப் போகுமுன் காலை ரீடிங்கை எழுதிவிடலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு அவர் படுத்திருந்த அறையின் வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் வரக் கூடாது, தீப்பிடிக்கும் என்று சிலிண்டர் வீட்டுக்கு வந்த முதல் நாளே அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"எவ்வளவு இருக்கு?"

தலையணையிலிருந்து கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். "எழுபது."

எழுபது என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"சீயக்காய் கண்ணுல படாமப் பாத்துக்கோ. போன வாரம் அழுதுக்கிட்டே வந்த" என்றார்.

"உங்களுக்காக அழுதேன்னு நெனச்சீங்களாக்கும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. போ என்று கையைக் காட்டினார். எட்டு மணிக்கு இட்லி கொடுத்தேன், ஒன்றரை சாப்பிட்டார். பத்தேகாலுக்கு ஹார்லிக்ஸ் கொண்டுபோனபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூக்கில் குழாய் இருந்தது. மூச்சு இல்லை.

இது 2005 மார்ச்சில்.

என் கணவர் சௌரிராஜன் விமானப்படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். விமானம் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஹெல்மெட், ஆக்சிஜன் மாஸ்க், பாராசூட், தண்ணீரில் விழுந்தால் மிதக்க வைக்கும் ஜாக்கெட், இவற்றைச் சோதித்துப் பழுது பார்த்துக் கொடுக்கும் பிரிவில் இருந்தார். கடைசி ஏழெட்டு வருஷம் அவற்றைச் சோதிக்கிற கருவிகளையே சோதிக்கும் வேலை. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் சேலை வியாபாரமும் சாயப்பட்டறையுமாக இருப்பவர்கள். கல்யாண வீடுகளில் "பிளேன் ஓட்டுவியா?" என்று கேட்பார்கள். "ஓட்டுறவருக்கு மூச்சு விட வழி பண்றேன்" என்பார். அவர்களுக்கு அது ஒரு பெரிய உத்தியோகமாகத் தோன்றியதில்லை.

1995இல் ஓய்வுபெற்று மதுரைக்கு வந்தோம். சிம்மக்கல்லில் ஒரு மாடியில் மில்களுக்கும் பாய்லர்களுக்கும் அழுத்தம் காட்டும் கேஜ்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் தனியார் இடத்தில் சேர்ந்தார். அவரோடு அதே பிரிவில் இருந்த சோணைமுத்து அண்ணனும் அங்கேதான். அண்ணனுக்கு டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கல்யாணமான புதிதில், நாங்கள் ராஜஸ்தானில் குடியிருந்தபோதே, என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "இவனை மாப்ளன்னு கூப்பிட ஒரு வழி வேணும்ல" என்பது அவர் சொன்ன காரணம்.

அவர்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சோதித்ததை இன்னொருவர் தன் கண்ணால் தனியாகப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும். முதல் ஆள் சொல்லும் எண்ணைக் கேட்டு எழுதினால் அது கையெழுத்தே இல்லை. கேஜைப் படிக்குமுன் கண்ணாடியை விரல் நுனியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். முள் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால் அப்போதுதான் சரியான இடத்துக்கு வரும்.

2004இல் அவருடைய நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். தீபாவளிக்குப் பிறகு நாள் முழுவதும் ஆக்சிஜன் தேவைப்பட்டது. வாடகைச் சிலிண்டருக்கு, ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிற, கேஜ் பொருத்திய ரெகுலேட்டரைச் சொந்தமாகவே வாங்கினார். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று நேரம் குறித்து, கையெழுத்துக்கு இரண்டு கட்டம் அடித்தார்.

"இரண்டாவது கட்டம் யாருக்கு?" என்றேன்.

"வேற யாரு இருக்கா? நீதான் இன்ஸ்பெக்டர்."

நிறைந்த சிலிண்டர் நூற்றைம்பது காட்டும். அவருக்கு வைத்திருந்த நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் அளவில் மணிக்கு இரண்டரை குறையும். முப்பதுக்கு வந்ததும் மாற்ற வேண்டும். முதலில் அவர் எழுந்து தட்டிப் பார்த்து எழுதுவார். பிறகு நான் தட்டிப் பார்த்து எழுதுவேன். பிப்ரவரிக்குப் பிறகு அவர் கை அங்கே எட்டவில்லை. படுத்தபடியே பார்ப்பார், தட்டுவது என் வேலையாயிற்று. நாலு மாதத்தில் ஒரு நாளும் நான் தவறியதில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான் வாசலில் நின்று, அவர் சொன்னதைக் கேட்டு எழுதினேன். எண்ணெய் விஷயத்தில் அவர் சொன்னதைக் காப்பாற்றினேன். மற்றதை விட்டுவிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்திருக்கலாம்.

இது அன்று சாயங்காலம் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. அதற்குள் யாரோ சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தார்கள். கழற்றிய பின் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சிலிண்டரைக் கடைக்காரர் வண்டியில் எடுத்துப்போய்விட்டார். அதில் எவ்வளவு இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. முந்தின இரவு ரீடிங்கை வைத்துக் கணக்குப் பார்க்கலாம், ஆனால் ராத்திரியில் எங்காவது கசிந்ததா என்று யாருக்குத் தெரியும்? எழுபது உண்மையில் எழுபதுதானா? முள் அங்கே ஒட்டிக்கொண்டு நின்று, உள்ளே பத்துதான் இருந்திருந்தால்? பத்து என்றால் நாலு மணி நேரம். ஆறிலிருந்து பத்து.

மகள் ஸ்வர்ணாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் காரியங்கள் முடிந்து கோயம்புத்தூர் திரும்பிய பிறகு, ரெகுலேட்டரை ஒரு துண்டில் சுற்றி பீரோவில் வைத்தேன். ராத்திரியானால் கணக்குப் போடுவேன். ஒவ்வொரு தடவையும் பத்து மணியில் வந்து நின்றது.

மே மாதம் ஒரு பகலில் சோணைமுத்து அண்ணன் வந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "கோரிப்பாளையத்துல தெரிஞ்ச பாய் ஒருத்தரு, நம்ம மாப்ள மாதிரியே சீக்கு. உன் வீட்டு ரெகுலேட்டர் சும்மாதான கிடக்கு? குடுத்தா புண்ணியமாப் போகும்" என்றார்.

"அதைக் குடுக்க முடியாதுண்ணே."

"அவன் ஞாபகமா வச்சிருக்கியா? சரி, சரி. வேற பாத்துக்கிறேன்."

"ஞாபகத்துக்கு இல்ல. அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது."

பிறகு சொல்லிவிட்டேன். எண்ணெய், வாசல், எழுபது, எல்லாம். நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை, விதி, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மற்றவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"தட்டல?"

"தட்டல."

"நீ பாக்கவும் இல்ல."

"இல்லண்ணே."

"தப்புதான் தங்கச்சி" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புத்தான். ஆனா எம்புட்டுத் தப்புன்னு பாக்கணும்ல?"

எனக்கு அழுகை வந்தது. அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் நான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார் என்று இருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை, ஆபீஸ்ல ஒரு பய இருக்க மாட்டான். நான் இப்பவே அந்த ரெகுலேட்டரைக் கொண்டுபோய் ரூம்ல வச்சுர்றேன். வெயில்ல போன கேஜை ஒடனே சோதிக்கக் கூடாது, ராத்திரி பூரா ஏசியில கெடக்கட்டும். சோதிச்சுட்டு வந்து சொல்றேன்."

"நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"நீங்க என் மேல இரக்கப்பட்டு மாத்திச் சொல்லிருவீங்க."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு, நானா? ஏர்போர்ஸ்ல இருக்கயில, மத்த கேஜையெல்லாம் ஒப்பிட்டுப் பாக்குற மாஸ்டர் கேஜு உம் புருசன் கையில இருந்து முழங்கால் ஒசரத்துல விழுந்துச்சு. ஒருத்தனும் பாக்கல. எடுத்துப் பாத்தா சரியாத்தான் காட்டுது. பேசாம இருந்துருக்கலாம்ல? தானே போய் சார்ஜண்டுகிட்ட சொல்லி, ஒரு வாரம் சோதிச்ச அம்புட்டு மாஸ்க்கையும் திரும்பச் சோதிக்க வச்சான். லீவுல ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன் நான். டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டு அவன்கூட உக்காந்தேன். அந்த ஆளோட கேஜுல நான் பொய் சொல்லுவனா?"

"சொல்ல மாட்டீங்க. ஆனா ரெண்டாவது ஆள் வேணும்ல?"

"அதுவும் சரிதான். காலையில பத்து மணிக்கு வந்துரு. கையில எண்ணெய் இல்லாம வா, தாயி" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

மறுநாள் புளியோதரை கட்டிக்கொண்டு சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் போனேன். என் கணவர் ஒன்பது வருஷம் வேலை பார்த்த அறையை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். எங்கள் சமையலறை அளவுகூட இல்லை. ஜன்னல் மூடியிருந்தது, குளிர்ந்தது. ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய கேஜ், ஒரு குழாயில் பெரிய மாஸ்டர் கேஜோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது. மற்ற கேஜ்களை எண்ணெய் பம்பில் சோதிப்பார்கள்; ஆக்சிஜன் கேஜுக்குள் எண்ணெய் போகக் கூடாது என்பதால் அண்ணன் நைட்ரஜன் சிலிண்டர் வைத்திருந்தார்.

எனக்கு ஒரு தாளும் அவருக்கு ஒரு தாளும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நிலையிலும் தட்டாமல் ஒரு எண், தட்டிய பின் ஒரு எண்.

நூற்றைம்பதுவரை ஏற்றினார். ஏறும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு வால்வைத் திறந்து இறக்கினார். நூறு, தொண்ணூறு. இரண்டும் சரியாக இருந்தன.

"இவ்வளவு வேகமா வேண்டாம். வீட்டுல அது இப்படி எறங்கல. ராத்திரி பூரா மெதுவா எறங்குச்சு" என்றேன்.

"மாப்ள உனக்கு வேலை கத்துக் குடுத்துட்டுத்தான் போயிருக்கான்" என்று முனகிக்கொண்டு, வால்வை மயிரிழை அளவு திறந்து வைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஏசி சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒருவர் மாற்றி ஒருவர் புளியோதரை சாப்பிட்டோம், ஒருவர் கண் கேஜில் இருக்க வேண்டும் என்பதற்காக.

மாஸ்டர் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதும் எங்கள் கேஜ் பின்தங்க ஆரம்பித்தது. மாஸ்டர் எழுபதுக்கு வந்தபோது அது எண்பதுக்கு மேலேயே நின்றது. இன்னும் எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும் என்று தெரியவில்லை. அப்புறம் அதுவும் நகர்ந்தது, மாஸ்டருக்குப் பின்னால், அதே இடைவெளியில். எங்கள் கேஜின் முள் எழுபதைத் தொட்டபோது அண்ணன் வால்வை மூடினார்.

"எழுது" என்றார்.

மாஸ்டரைப் பார்த்து எழுதினேன். கை நீட்டி எங்கள் கேஜின் கண்ணாடியைத் தட்டினேன். முள் சட்டென்று கீழே இறங்கியது. அதையும் எழுதினேன். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் தாளிலும் ஐம்பத்தெட்டு, அவர் தாளிலும் ஐம்பத்தெட்டு.

மூன்று தடவை அப்படிச் செய்தோம். முடிக்கும்போது மணி ஐந்தாகிவிட்டது. மூன்று தடவையும் பன்னிரண்டுதான் அதிகம் காட்டியது.

அண்ணன் பேனாவை எடுத்தார். "காலையில ஆறு மணிக்கு ஐம்பத்தெட்டு. பத்தேகால் வரைக்கும் பதினொண்ணு போகும். நாப்பத்தேழு மிச்சம்." எழுதியதற்குக் கீழே கோடு போட்டார். "மூச்சு முட்டுதுன்னு அவனே எப்படியாச்சும் எட்டிக் கூட்டி வச்சிருந்தான்னே வச்சுக்குவோம். அஞ்சு லிட்டரு. அப்பயும் முப்பது மிச்சம். சிலிண்டர் காலியாகல, தங்கச்சி. அவன் நெஞ்சுதான் நின்னுபோச்சு."

அந்தக் கணக்கை வாங்கி நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். முப்பதுதான் வந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கோரிப்பாளையத்துக்காரருக்கு அண்ணன் வேறொரு ரெகுலேட்டர் தேடிக் கொடுத்தார். எங்களுடையதில் சிவப்பு அட்டை கட்டி, பயன்படுத்தக் கூடாது என்று எழுதி என்னிடமே தந்தார்.

அடுத்த மே மாதம் அதை எடுத்துக்கொண்டு மறுபடி சிம்மக்கல் மாடிக்குப் போனேன்.

"கழிச்சுப் போட்ட கேஜை எவளாச்சும் திரும்பச் சோதிக்கக் கொண்டாருவாளா?" என்றார் அண்ணன்.

"ஒரு வருஷம் ஆச்சுல்ல. சோதனைக் கெடு முடிஞ்சிருச்சு."

தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு தாள் எடுத்தார்.

பன்னிரண்டு.