மிட்டாயின் குரைப்பு விழுந்த வீடு

எங்கள் நாய் மிட்டாய்க்குக் கீழ்த்தாடை இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்ததால், அது குரைப்பது இடப்பக்கத்து வீட்டு ஹாலில் கேட்கும். எங்கள் வீட்டில் அது வாயைத் திறந்து மூடுவதை மட்டும் பார்ப்போம்.

அந்த வீட்டில் ஜெசிந்தா டீச்சர் தனியாக இருந்தார். "தம்பி, இன்னிக்கு ஏழு தடவை குரைச்சான். பால்காரரைப் பார்த்துத்தான்," என்று மதிலுக்கு மேலே எட்டிச் சொல்வார். என் நாயின் குரல் எப்படியிருக்கும் என்று மூன்று வருடமாக அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கீழ்க் கோரைப்பல் மேலண்ணத்தில் குத்தத் தொடங்கியதும் மிட்டாய் சாப்பாட்டை விட்டுவிட்டது. கால்நடை மருத்துவர் வேணி வாயைத் திறந்து பார்த்தார். "கம்பி கட்டிடலாம். ஆறு வாரத்துல பல்லும் நேராயிடும், சத்தமும் வீட்டுக்கு வந்துடும்."

டீச்சரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ஹால் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "புள்ளைக்கு வலிக்கக் கூடாது. கட்டிடுங்க."

முதல் வாரம் குரைப்பு டீச்சரின் ஹாலிலிருந்து சமையலறைக்கு நகர்ந்தது. மூன்றாம் வாரம் மதில்மேல் நின்றது; தெருவில் போனவர்கள் மதிலைவிட்டு ஒதுங்கி நடந்தார்கள். நான்காம் வாரம் என் மனைவி பொற்கொடி தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"வந்துட்டான்! நம்ம வாளிக்குள்ள குரைக்கிறான்!"

அலுவலகத்துக்கு இரண்டு வாரம் விடுப்பு எழுதினேன். மேலாளர் காரணத்தைப் படித்ததும் கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மிட்டாய் கூரியர்காரரைப் பார்த்து வாயைத் திறந்தது. குரைப்பு அந்த வாயிலிருந்தே வந்தது. டீச்சர் சொன்னதைவிடக் கனமான குரல். பொற்கொடி குதித்தாள். "அண்ணா, இன்னொரு தடவை கேட்டைத் தட்டுங்க!" அவர் பதினோரு தடவை தட்டினார். மிட்டாய் தட்டு நிறையச் சோறு தின்றது.

மாலையில் டீச்சர் மதிலருகே வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஹால் நடுவில் நின்றிருந்தார். "ஒண்ணும் இல்ல தம்பி. வீடு ரொம்பப் பெருசா இருக்கு."

ஹால் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் டாக்டர் வேணி போன் செய்தார். டீச்சர் தன் பல்செட்டைக் கொண்டுவந்து, வலப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவைக்கச் சொன்னாராம். "சத்தம் உங்க வீட்டுலதான் விழும். உங்களுக்குச் சம்மதமா?"

"இப்பவே வைங்க," என்றேன்.

மதியம் எங்கள் ஹாலில், ஜன்னலோரம், வெறும் தரைக்கு மேலிருந்து குரல் கேட்டது. "மிட்டாய், சாப்டியாடா?"

மிட்டாய் ஓடிப்போய் அங்கே படுத்தது. பொற்கொடி அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, பக்கத்து ஸ்டூலில் காபி வைத்தாள். டம்ளரில் காபி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.