டிக்கிக்குள் பிடித்திருப்பவர்

என் வீட்டுக்காரர் கார் டிக்கிக்குள் இருந்துகொண்டு திறக்க மாட்டேன் என்கிறார். செத்துப்போனவர் செய்கிற வேலையா இது?

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியே மரத்தில் கட்டி வைப்பார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் மரம் கிடையாது. இருந்த ஒரு வேப்ப மரத்தையும் பார்க்கிங்குக்காக வெட்டிவிட்டார்கள். அதனால் சட்டியை வெள்ளைத் துணியில் கட்டி டிக்கியில் வைத்தேன். மூடியதும் உள்ளே யாரோ பிடித்து இழுத்தது போல ஒரு சத்தம் கேட்டது. அதோடு சரி.

இன்று பொழுது சாய்வதற்குள் பவானி கூடுதுறையில் கரைத்தாக வேண்டும். தவறினால் அவர் டிக்கியிலேயே தங்கிவிடுவார். முறை அப்படி.

ரிமோட் சாவியை அமுக்கினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடி அமுக்கினேன். லிஃப்டுக்காக நின்றிருந்த அசோசியேஷன் செயலாளருக்கு வாய் திறந்தது. அவரால் மூட முடியவில்லை. பூட்டுகிற பொத்தானை அமுக்கி நானே மூடிவிட்டேன். மரத்தை வெட்டச் சொன்னவர் அவர்தான், அதனால் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

டிக்கி மட்டும் அசையவில்லை.

"அப்பாகிட்ட கொஞ்சம் நயமாப் பேசிப் பாருங்கம்மா" என்றாள் என் மகள் மதுமிதா.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நயமாத்தான் பேசறேன்."

அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து சென்னியப்பன் வந்தார். சாவியை வாங்கி மோந்து பார்த்தார்.

"ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சீங்களா?"

"அவருதான் வெச்சாரு."

"சாவிக்குமா?"

"சாவிக்கு, டிக்கி லாக்குக்கு, ஸ்டெப்னிக்கு. கரைச்சது மிச்சமாகக் கூடாதுன்னு கடைசியில என் கழுத்துக்கும்."

"அதுதானுங்க. பொத்தானுக்குள்ள போயிக் காஞ்சிருச்சு. ஊக்கு இருக்குதுங்களா?"

முன்பெல்லாம் ஊக்கைத் தாலியில் மாட்டியிருப்பேன். கை பழக்கத்தில் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. சேலைத் தலைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சுரண்டச் சுரண்ட சந்தனம் பொடியாக விழுந்தது. காய்ந்த சந்தனத்துக்கு இவ்வளவு வாசனை ஆகாது. பாழாய்ப்போன மனுஷன், எதையுமே அளவாகச் செய்யத் தெரியாது.

புது பேட்டரியும் போட்டு அமுக்கினார். விளக்குகள் கண் சிமிட்டின. நாலு கதவும் திறந்துகொண்டன. டிக்கி திறக்கவில்லை.

சென்னியப்பன் டிக்கியில் காதை வைத்துக் கேட்டார்.

"லாக் நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ளாற யாரோ புடிச்சிட்டு இருக்காங்க."

"தெரியும்."

"அதுக்கு எங்ககிட்ட பார்ட்ஸ் வராதுங்க."

கூடுதுறையிலிருந்து ஐயர் போன் செய்தார். "உங்களுக்காக ஆத்தைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்மா. கை வலிக்கறது. சீக்கிரம் வாங்கோ."

பின்சீட்டை மடக்கினால் உள்ளே போகலாம் என்றார் சென்னியப்பன். டிக்கிக் கதவின் உள்பக்கம் ஒரு கொக்கி இருக்குமாம். பிடித்திருப்பவர் அதை விட்டால் போதுமாம், கதவு தானாகத் திறந்துகொள்ளுமாம். மடக்கினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்தேன்.

டிக்கி நீண்டுகொண்டே போனது. இந்தக் காரை வாங்கும்போது இடம் பத்தாது என்று சண்டை போட்டவள் நான். பழைய குடை ஒன்றைத் தாண்டினேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று எடுத்து வைத்த பை அங்கேயே கிடந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. பைக்குள் இருந்த ஃபிளாஸ்கைத் தொட்டுப் பார்த்தேன். வெந்நீர் இன்னும் சூடாக இருந்தது.

கடைசியில் அவர் உட்கார்ந்திருந்தார். முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, விடுங்க. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"ஆத்துத் தண்ணி எனக்கு ஆகாது புள்ள. சளி புடிச்சுக்கும்."

"சளி புடிக்க இப்ப உங்ககிட்ட என்ன இருக்குது?"

யோசித்தார். "நீ சொல்றதும் சரிதான்."

உயிரோடு இருந்தவரை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"கை வலிக்குது. கொஞ்ச நேரம் நீ புடி" என்றார்.

பிடித்தேன். ஈரத் துண்டு, கண்ணாடி, டிபன் டப்பா என்று அவர் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற கை இது.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணி கட்டிய சட்டி மட்டும் இருந்தது. நான் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

"ஏனுங்க?" என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

இனி நான் விட்டால் போதும். கதவு திறக்கும், மகள் நிற்பாள், ஆறு காத்திருக்கும்.

வெளியே சாவியை அமுக்கினார்கள். கொக்கி என் கையில் துடித்தது. மறுபடி அமுக்கினார்கள். மறுபடி துடித்தது.

"அம்மா, பொழுது சாயுது. போதும், விட்ருங்கம்மா." மதுமிதாவின் குரல் உடைந்திருந்தது.

"சாவி நல்லா வேலை செய்யுதுங்க" என்றார் சென்னியப்பன். "உள்ளாற யாரோ புடிச்சிட்டு இருக்காங்க."

"தெரியும்" என்றாள் என் மகள்.

நான் சட்டியை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்தேன்.