இருட்டம்மா கேட்ட இருட்டு

ஆராய்ச்சிக் கப்பலில் அவளுக்கு இருட்டம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று பயணமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடலடியில் கொஞ்ச நேரம் விளக்கை அணையுங்கள். ஒரு சுவிட்சைத் தட்டுவதற்கு இத்தனை கெஞ்சலா என்று நமக்கே எரிச்சல் வரும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அங்கே கடலின் தரை பிளந்து, ஈயத்தையே உருக்குகிற சூட்டில் வெந்நீர் கறுப்பாகப் பீறிடுகிறது. அது கக்கியதெல்லாம் உறைந்து, புகைபோக்கி மாதிரி உயர்ந்து நிற்கிறது. சுற்றிலும் இறால்கள் மொய்க்கும். அந்த இறாலுக்கு முகத்தில் கண் கிடையாது, முதுகில் இருக்கிறது. சூரியனே எட்டிப் பார்க்காத ஆழத்தில் எதைப் பார்க்க அந்தக் கண்? வெந்நீரின் வாயில் மனிதருக்குத் தெரியாத மங்கலான ஒளி இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அவை சாப்பாட்டுக்கு வழி கண்டுபிடிக்கின்றன என்பது அவள் கட்சி. அதை நிரூபிக்க இருட்டு வேண்டும். வெளியிலிருந்து எவ்வளவு சின்ன விளக்கைக் காட்டினாலும் அந்தக் கண் அவிந்துபோகும்.

ஆராய்ச்சி என்று போனவர்களோ, விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற மாதிரி விளக்கைப் போட்டுக்கொண்டு போனார்கள். முதல் பயணத்தில் நேரடி ஒளிபரப்பு, அதனால் அணைக்க முடியாது என்றார்கள். அடுத்ததில் தலைமை விஞ்ஞானி, "வெளிச்சம் இல்லாம என்னத்தம்மா பார்ப்பே?" என்று சிரித்தே காரியத்தை முடித்துவிட்டார். இப்போது விளக்கு படாத புகைபோக்கி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதற்கும் இதுதான் கடைசி இறக்கம். அரை மணி நேரம் எடுத்துக்கொள் என்று தலைமை விஞ்ஞானி பிச்சை போடுகிற மாதிரி சொல்லியிருந்தார்.

கடலுக்குள் இறங்குகிற ஆளில்லா வண்டியைக் கப்பலில் இருந்தபடி ஓட்டுகிறவர் வேறு யாராவது என்றால், நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஓட்டுகிறவர் அவள் புருஷன். நாலு வார்த்தையும் ஏற்கெனவே கேட்டாயிற்று. வீட்டில் அவள் எரியவிட்ட விளக்கையெல்லாம் பின்னாலேயே வந்து அணைத்து, கரண்ட் பில்லைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற மனிதர். இங்கே அணை என்றால் மட்டும் கை வராது. போன பயணத்தில் வண்டியின் கேபிள் ஒரு பாறையில் மாட்டி, வண்டியே கைவிட்டுப் போகப் பார்த்தது. எல்லார் முன்னாலும் தலைமை விஞ்ஞானியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

கட்டுப்பாட்டு அறை, மேல்தளத்தில் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. ஏசி குளிரில் இருவரும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். புகைபோக்கிக்கு வெகு தூரத்திலேயே அவர் விளக்குகளை அணைத்தார். ஒலியை அனுப்பித் தடவுகிற கருவியை மட்டும் நம்பி வண்டியை நகர்த்தி, பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார்.

"எல்லாம் அணைச்சாச்சு இல்லீங்க?"

"அணைச்சாச்சும்மா. நீ உன் திரையைப் பாரு."

பார்த்தாள். மங்கல் ஒளியையும் பிடிக்கிற அவளுடைய கேமரா முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு வெந்நீரின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு வெளுப்பு தெரிந்தது. அதன்மேல் இறால்கள் நிழல்களாக நெளிந்தன. மூன்று பயணத்து வயிற்றெரிச்சலும் ஒரு நிமிஷம் மறந்து போயிற்று. அழுகை வந்தது.

நிழல்கள் குறையத் தொடங்கின. வாயை விட்டு ஒவ்வொன்றாக விலகின. சாப்பாட்டை விட்டு எங்கே போகின்றன? கேமராவைத் தாண்டி, வண்டிக்குப் பின்பக்கமாக அல்லவா போகின்றன!

அவர் முன்னால் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டுகிற ஒரு சின்னத் திரை இருந்தது. அது அவள் பக்கம் தெரியாதபடி திருப்பியிருந்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். வண்டியின் முதுகில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி இறால்கள் மலைபோல் குவிந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"கேபிளைப் பார்க்கணும்ல... ஒண்ணுமே தெரியலைன்னா போன தடவை மாதிரி மாட்டிக்குமோன்னு பயமா இருக்கு. அது பின்னாடிதானே எரியுது, உன் கேமராவுல படாதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னா நீ விடமாட்டே."

விடமாட்டாள்தான். அதற்காகத்தானே மூன்று பயணம் மானத்தை விட்டுக் கெஞ்சினாள். தலைமை விஞ்ஞானி கெடுத்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திட்டலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் அதற்குள் திரையில் இறால்களைக் கவனித்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"ஏய், பாரேன்! லைட்டுகிட்டதான் எல்லாம் வந்திருக்கு. அதுக்குக் கண்ணு தெரியுதும்மா! நீ சொன்னது சரிதான்!"

அவர் குரலில் இருந்தது உண்மையான சந்தோஷம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சுதுங்க," என்றாள். "இப்ப வரைக்கும் தெரிஞ்சுது."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையை நீட்டி விளக்கை அணைத்தார். இருவரும் அவளுடைய திரைக்குத் திரும்பினார்கள். வெந்நீரின் வாயில் அந்தச் சாம்பல் வெளுப்பு அப்படியேதான் இருந்தது. கொடுத்த அரை மணி முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் இறால்கூட அதை நோக்கித் திரும்பவில்லை.