கண்கட்டு

திரையில் வளையம் வந்ததும் அறையே கைதட்டியது. அவள் கணவன் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான். கருந்துளையைச் சுற்றி வளைந்து வரும் ஒளியின் வளையம், பாடப்புத்தக ஈர்ப்பு விதி சொல்வதைவிட ஏழெட்டு சதவீதம் பெரிதாக இருக்கும் என்பது அவனுடைய கோட்பாடு. பன்னிரண்டு வருஷ உழைப்பு. அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. இப்போது தொலைநோக்கிகளே எட்டு என்று சொல்லிவிட்டன. சிரித்தவர்கள்தான் முந்திக்கொண்டு வந்து கைகொடுத்தார்கள்.

வளையத்தை அளந்தவள் அவள். பெண்டாட்டி அளந்து புருஷன் ஜெயித்தான் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே என்றுதான், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் குழுத்தலைவி, அளவுகளை ஒரு ரகசிய எண்ணால் சுருக்கிக் கொடுத்திருந்தார். இதற்குக் கண்கட்டு என்று பெயர். அளக்கும் முறையை முடிவுசெய்து, இனி அதில் கைவைக்க மாட்டோம் என்றான பிறகே கட்டை அவிழ்க்கலாம். எண்ணைக் கேட்டு வாங்கி, சுருக்கியதைப் பழையபடி விரிக்கலாம். இன்று காலை பெரியக்கா ஃபைலை அனுப்பி, எண்ணையும் சொன்னார். அவள் விரித்தாள்.

பெரியக்கா சொன்ன அந்த ரகசிய எண்ணும் எட்டு சதவீதம்தான்.

டீயைக் கையில் வாங்கிய பிறகே அது அவளுக்கு உறைத்தது. அதுவும் எட்டு, இதுவும் எட்டு. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. கோப்பையை வைத்துவிட்டு நேரே பெரியக்காவிடம் போனாள்.

"அக்கா, காலையில எனக்கு அனுப்பினது சுருக்கின ஃபைலா, விரிச்சதா?"

"விரிச்சதுதான்டி. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு நானே..." பெரியக்கா பாதியில் நிறுத்தினார். "ஐயோ, நீயும் விரிச்சியா?"

கட்டு இரண்டு முறை அவிழ்ந்திருந்தது. விரித்ததையே அவள் மறுபடி விரித்ததில் வந்த எட்டுதான் திரையில் இருந்தது.

கணவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"இன்னிக்கு ஒரு நாள் விடேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"முடியாதுங்க. அப்புறம் ராத்திரி உங்க பக்கத்துல எப்படிப் படுப்பேன்?"

"பன்னிரண்டு வருஷம்டி."

"தெரியும். தினம் சாப்பாட்டோட சேர்த்து நானும்தானே அதைக் கேட்டேன்? ஜெயிச்சா நேரா ஜெயிக்கட்டும். இப்பவே கணக்கைத் திரும்ப ஓட்டறேன், வந்து உக்காருங்க."

அவள் அறைக்குள் போய், "யாரும் யாருக்கும் போன் போடாதீங்க, தப்பு நடந்திருக்கு" என்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, காலையில் வந்த ஃபைலைத் திறந்து, அளவுகளை மறுபடி விரிக்கத் தான் எழுதிய வரியை அழித்தாள்.

அவன் பின்னாலேயே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் இன்னும் மின்னிக்கொண்டிருந்த வளையத்தின் வெளி ஓரத்தில் விரல் நுனியை வைத்தான்.

"ம், ஓட்டு."

அவள் தட்டினாள். கணக்கு ஒவ்வொரு சுற்று ஓடி முடிக்கையிலும் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சுருங்கியது. அவன் விரலை எடுக்கவில்லை. விரலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு கீற்று விழுந்து, அகன்றுகொண்டே போனது.