விபத்து நடந்த இடத்தின் கதவு எண்

செல்வமேரி அந்த மாடிப்படி ஏறி வந்தது சண்டை போடத்தான். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதியில் சிக்கந்தர் பாயின் குடைக்கடைக்கு மேலே ஓர் ஒற்றை அறை. அதில் பாயின் மகள் ஆஸ்மா இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு தங்கும் விடுதிகளுக்கும் காப்பித்தூள் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம்தான் முதல்முறையாகப் பெரிய வேலை ஒன்று கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளுக்கென்றே பாலிசி விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்று, தன் பழைய வெப்சைட்டைப் புதுசாக்கித் தரச் சொல்லியிருந்தது. பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. குடை வாங்க வந்தவர்களை எல்லாம் பிடித்து நிறுத்திச் சொன்னார். செய்தி ஏற்காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஆஸ்மா அந்தக் கம்பெனிக்கே முதலாளியாகிவிட்டாள்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா அந்த இன்சூரன்ஸ் கம்பெனி?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள் செல்வமேரி. ஐம்பதை நெருங்கும் வயது, தோளில் மருந்துப் பை, இடது மணிக்கட்டில் பட்டைத் துணி. "இருவத்தி ரெண்டு வருசமா நர்ஸ் வேலை பாக்கறனுங்க. ஒருத்தர் ஊட்டுல ஒரு பொய் சொன்னதில்லீங்க. என்னைப் பொய்க்காரின்னு எழுதற தைரியம் யாருக்குங்க வந்துச்சு?"

கடிதத்தை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, அறைந்தாள். பணிக்குப் போகும் வழியில் சாலையில் விழுந்ததாகக் கூறித் தாங்கள் இழப்பீடு கோரியுள்ளீர்கள், விபத்து நடந்த இடம் தங்கள் வீடு என்று தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள், பொய்த் தகவல் தந்ததால் தங்கள் பாலிசி ரத்து செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது.

கம்பெனி தன்னுடையதல்ல என்று புரியவைக்கவே ஆஸ்மாவுக்கு ஒரு டீ நேரம் பிடித்தது. அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. செல்வமேரியின் வீடு வாழவந்தியில். மாரமங்கலத்தில் மருதாயி என்று படுக்கையாகக் கிடக்கும் ஒரு அம்மாள். முதுகில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். மழை விட்ட ஒரு காலையில் ஸ்கூட்டி வழுக்கிச் செல்வமேரி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அப்படியே திரும்பிவிடவில்லை. போய், ஒற்றைக் கையால் கட்டை மாற்றி, அந்த வீட்டாரிடம் வருகை நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இப்போது எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் பாலிசி இல்லாத நர்சைச் சேலத்து ஏஜென்சி எந்த வீட்டுக்கும் அனுப்பாது. பொய்க்காரி என்று குறி விழுந்துவிட்டால் இனி வேறு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது. ஆக, அந்த ஒரு கடிதத்தோடு அவள் வேலையே போனது போலத்தான்.

"சிஸ்டர், அன்னிக்கு எப்படி எழுதுனீங்களோ அப்படியே என் முன்னாடி ஒரு தடவை எழுதிக் காட்டுங்களேன்" என்றாள் ஆஸ்மா.

செல்வமேரி போனை எடுத்தாள். பேர், தேதி எல்லாம் ஓடின. 'விபத்து நடந்த இடம்' என்ற பகுதி வந்ததும் விரல் நின்றது. தெருவைப் பட்டியலில்தான் தேட வேண்டும். மாரமங்கலம் ரோடு அதில் இல்லை. கதவு எண் கேட்டது. காலியாக விட்டால் சிவப்பு. பூஜ்யம் போட்டால் சிவப்பு. கோடு போட்டால் சிவப்பு. "ரோட்டுக்கு ஏது கண்ணு கதவு?" என்று முனகிக்கொண்டே செல்வமேரி பட்டியலில் தன் தெருவைத் தொட்டு, தன் வீட்டுக் கதவு எண்ணைப் போட்டாள். உடனே பச்சை டிக் விழுந்தது.

ஆஸ்மாவுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே கம்பெனி கொடுத்திருந்த பட்டியலில் இருந்து பதினொரு நர்சுகளுக்குப் போன் போட்டாள். ரோட்டில் விழுந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் அவரவர் வீட்டுக் கதவு எண்ணைத்தான் போட்டிருந்தார்கள், ஏழு பேருக்கும் அதே கடிதம்தான் போயிருந்தது.

கம்பெனியில் கிளெய்ம் பிரிவுக்குத் தலைவர் ஞானசுந்தரம். அந்தப் படிவம் அவர் பெற்று வளர்த்த பிள்ளை. ஆஸ்மா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களை எதுக்கு வெச்சிருக்கோம்? வர்ணத்தை மாத்துங்க, சிரிக்கிற நர்ஸ் படம் ஒண்ணு பெருசா போடுங்க. படிவத்துல மட்டும் கை வைக்காதீங்க. பத்து வருஷமா ஒரு புகார் வந்ததில்லை."

புகார் சொல்வதற்கும் அதே படிவத்தைத்தானே சார் நிரப்ப வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆஸ்மா விழுங்கிக்கொண்டாள். கிடைத்த ஒரே பெரிய வேலை. வாயை மூடிக்கொண்டு வர்ணத்தை மாற்றியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவளால் முடியவில்லை. ஒரு நர்ஸ் கையை ஒடித்துக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறாள், நாம் வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

படிவத்தை அடியோடு தூக்கினாள். புதுப் பக்கத்தில் மூன்றே கேள்விகள்: என்ன ஆச்சு? எங்கே? யாரைப் பார்க்கப் போனீங்க? எழுதலாம், இல்லாவிட்டால் வாயால் சொல்லலாம். வருகை நோட்டைப் போட்டோ எடுத்து வைக்க ஓர் இடம். செல்வமேரியோடு மாரமங்கலம் பஸ்ஸில் போய் நாலு தடவை சோதித்துப் பார்த்தாள். எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடும், எழுதியதெல்லாம் அதோடு அழிந்துவிடும். அதையும் சரிசெய்தாள். சிக்னல் வரும்வரை போனிலேயே காத்திருந்து, வந்ததும் தானாகப் போகும்படி வைத்தாள்.

கம்பெனி அதிகாரிகள் இரண்டு நாள் கூட்டத்துக்கு ஏற்காட்டுக்கே வந்தார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்மா புது வெப்சைட்டைக் காட்ட வேண்டும். ஏரிக்கரைப் பக்கத்து விடுதியில் நீள மேசை, பெரிய திரை. நடுவில் கம்பெனித் தலைவி சசிரேகா. ஞானசுந்தரத்தின் நாற்காலி மட்டும் காலி. செல்வமேரியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, ஆஸ்மா தன் கம்ப்யூட்டரைத் திரையோடு இணைத்தாள்.

ஞானசுந்தரம் அரை மணி தாமதமாக வந்தார். "பதினாலாவது வளைவுல டயர் பஞ்சர் மேடம். கார் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி தடுப்புச் சுவர்ல மோதிருச்சு. பாருங்க முழங்கையை!" என்று எல்லோருக்கும் சிராய்ப்பைக் காட்டினார். அந்தப் பஞ்சரை அல்லாதான் அனுப்பினான் என்று ஆஸ்மா இன்றைக்கும் சொல்வாள்.

அவள் புதுப் பக்கத்தைத் திரையில் போட்டதும் அவர் முகம் மாறியது. "கதவு எண் எங்கே? கதவு எண் இல்லாம எந்தக் கிளெய்மையும் நான் எடுத்துக்க மாட்டேன். படிவத்துல கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். நான்தான் கேக்கலை" என்றாள் ஆஸ்மா. "கம்பெனி ஆளுங்களுக்கும் இதே பாலிசிதானே போட்டிருக்கீங்க? இன்னிக்கு நடந்ததை உங்க பழைய படிவத்துலயே ஒரு தடவை எழுதுங்க சார். நல்லா வந்துட்டா என் பக்கத்தை நானே அழிச்சிடறேன்."

"இதென்ன பெரிய காரியம்?" என்று அவர் ஆஸ்மாவின் கம்ப்யூட்டரில் தன் கணக்கைத் திறந்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பேர், தேதி எல்லாம் மளமளவென்று ஓடின. பின்கோடு கேட்டது. பதினாலாவது வளைவுக்குப் பின்கோடு யாருக்குத் தெரியும்? "இது சும்மா பேருக்குத்தான்" என்று தன் வீட்டுப் பின்கோடைப் போட்டார். அந்த வட்டாரத்துத் தெருக்கள் வரிசையாக விழுந்தன. மலைப்பாதையை எழுதிப் பார்த்தார், சிவப்பு. கதவு எண்ணில் பூஜ்யம் போட்டார், சிவப்பு. கோடு போட்டார், அதுவும் சிவப்பு. படிவத்தின் மேலே, நேரம் முடிந்தால் எழுதியதை எல்லாம் அழித்துவிடும் கடிகாரம் வேறு, இன்னும் நாற்பது நொடி, முப்பது நொடி என்று குறைந்துகொண்டே வந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற அவசரத்தில் தன் தெருவைத் தொட்டு, தன் வீட்டுக் கதவு எண்ணை அடித்தார். பச்சை டிக்.

"பாத்தீங்களா? எவ்வளவு சுலபம்!" என்று நிமிர்ந்தார்.

அவர் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. விபத்து முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றானால் தானாகப் போகும் கடிதம், அவரே எழுதி வைத்தது. சசிரேகா அதைச் சத்தமாக, எழுத்து விடாமல் வாசித்தார். "விபத்து நடந்த இடம் தங்கள் வீடு என்று தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். பொய்த் தகவல் தந்ததால் தங்கள் பாலிசி ரத்து செய்யப்படுகிறது."

கடைசி வரிசையில் செல்வமேரி எழுந்தாள்.

"ஏனுங்க சார், நீங்க ஊட்டுக்குள்ளயா காரு ஓட்டறீங்க?"

முதலில் சிரித்தது சசிரேகாதான். அப்புறம் மேசையே குலுங்கியது. ஞானசுந்தரம் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். செல்வமேரியின் கையில் இருந்த அதே கடிதத்தை வாங்கிப் படித்தார். வருகை நோட்டில் இருந்த கையெழுத்தையும் நேரத்தையும் பார்த்தார்.

"கை ஒடிஞ்ச பிறகுமா கட்டு மாத்துனீங்க?"

"புண்ணு காத்திருக்குமுங்களா?"

"மன்னிச்சிருங்க சிஸ்டர்" என்றார். நல்ல மனிதர்தான், படிவத்தின் மேல்தான் கொஞ்சம் பாசம் அதிகம். சென்னைக்குப் போன் போட்டு, அங்கேயே நின்றுகொண்டு செல்வமேரி மேல் விழுந்த குறியை எடுத்து, பாலிசியைத் திரும்பக் கொடுக்க வைத்தார். அதே காரணத்தால் போன எல்லாக் கிளெய்மையும் திறக்கச் சொன்னார் சசிரேகா. தேடிப் பார்த்ததில் அறுபத்து மூன்று நர்சுகள் இருந்தார்கள். புதுப் பக்கம் திங்கட்கிழமை முதல் நடப்புக்கு வரும் என்றும் சொன்னார்.

திங்கள்வரை செல்வமேரி காத்திருக்கத் தயாராக இல்லை. எல்லோர் முன்னாலும் புதுப் பக்கத்தைத் தன் போனில் திறந்து, வாயருகே வைத்துக்கொண்டு சொன்னாள். "வாழவந்தி தாண்டி மாரமங்கலம் போற ரோட்டுல, மிளகுக் கொடி ஏறுன பெரிய மரத்துக்கிட்ட, தண்ணித் தொட்டிக்கு எதுக்கால. ஸ்கூட்டி வழுக்கி உழுந்துட்டனுங்க. மருதாயிம்மாவுக்குக் கட்டு மாத்தப் போனனுங்க." சொன்னது அப்படியே எழுத்தாகித் திரையில் ஏறியது. பச்சை டிக்.

டீ வருவதற்குள் அவள் போன் அடித்தது. சேலத்து ஏஜென்சி. பாலிசி திரும்ப உயிரோடு இருப்பதாகக் கம்பெனியில் இருந்து தகவல் வந்துவிட்டதாம், இன்றைக்கே மாரமங்கலம் போக முடியுமா என்று கேட்டார்கள்.

"போறனுங்க, இப்பவே போறனுங்க" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அத்தனை அதிகாரிகள் முன்னால் ஆஸ்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நொம்ப நல்லா இருப்ப கண்ணு" என்றாள். ஆஸ்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஞானசுந்தரம் அவள் பக்கத்தில் வந்து மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பக்கத்தை எனக்கும் ஒரு தடவை திறந்து காட்டும்மா. என் பாலிசி இன்னும் ரத்தாத்தான் இருக்கு."