அன்னம்மாள் சொல்லிக்கொடுத்த பாதி ஜெபம்

அன்னம்மாளின் முப்பதாம் நாள் திருப்பலியில் அவளைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று ஃபாதர் சொன்னதிலிருந்து ரெமிஜியஸுக்குச் சோறு இறங்கவில்லை. காக்ஸ் டவுன் பகுதிக்கு ஃபாதர் புதியவர். அவளைப் பார்த்ததே இல்லை. அவளுக்கும் ரெமிஜியஸுக்கும் பிள்ளைகளும் கிடையாது. தான் இன்று சரியாகப் பேசாவிட்டால் இனி தன் மனைவியை நினைக்க ஆளே இருக்காது என்று அவருக்குப் பயம்.

"பக்தியானவங்க, பாசமானவங்கன்னு சொல்லிட்டு உக்காருங்க மாமா" என்றான் அவள் தம்பி லாயிட்.

"அது எல்லார் பொண்டாட்டிக்கும் பொருந்துமேடா."

"என் பொண்டாட்டிக்குப் பொருந்தாது. அதை விடுங்க."

கிருஷ்ணகிரிப் பக்கம் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள் அன்னம்மாள். மாட்டுக்கு ஊசி போடும்போது அவள் அப்பா, "நில்லும்மா, நில்லு" என்று பின்பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவார். மூன்றாவது தட்டோடு ஊசி இறங்கிவிடும். இன்னொரு தட்டு என்றே மாடு நினைத்துக்கொள்ளும். நர்ஸ் ஆன பிறகு அன்னம்மாள் அதையே மனிதர்களுக்கும் செய்தாள். கூடவே ஒரு ஜெபம். பரலோகத் தந்தையிடம் வேண்டும் ஜெபத்தை நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்றாட உணவைக் கேட்கும் இடம் வந்ததும் மூன்றாவது தட்டு. அதற்குமேல் யாரும் ஜெபத்தைத் தொடர்ந்ததில்லை.

"அடுத்தது மன்னிக்கிற இடம். வலிக்கிறவங்க வாயில அது வராது. நான் சொல்லிக்கிறேன்" என்பாள். பஞ்சால் தேய்த்தபடி, அவர்களுக்காக மீதியை அவளே முடிப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகும் ஊசி போட்டுக்கொள்ளத் தெருவே அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏகாதசி தவறாமல் பட்டினி கிடக்கும் பக்கத்து வீட்டு வெங்கடகிருஷ்ணனுக்கும் அந்த ஜெபம் பாதிவரை தண்ணீர்பட்ட பாடு.

அந்த மேஜையருகே ஒருநாளும் நிற்காதவர் ரெமிஜியஸ் ஒருவர்தான். ஊசி என்றால் அவருக்கு நடுக்கம். காய்ச்சல் வந்தால் பன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வேறு டாக்டரிடம் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருவார். அவளுக்குத் தெரியும். "பன் எங்க?" என்று மட்டும் கேட்டுச் சிரிப்பாள்.

திருப்பலி அன்று கோயில் நிறைந்திருந்தது. பிரியாணி உண்டு என்று லாயிட் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். அதற்குத்தான் வந்திருப்பார்கள் என்று ரெமிஜியஸ் நினைத்தார்.

எல்லாரும் எழுந்து அந்த ஜெபத்தைத் தொடங்கினார்கள். மற்ற ஞாயிறுகளில் முழுசாகச் சொல்கிறவர்கள்தான். இன்று பீடத்தின் முன் அன்னம்மாளின் படம் இருந்தது. உணவைக் கேட்கும் இடம் நெருங்க நெருங்கக் குரல்கள் மெலிந்தன. கைகள் பின்பக்கம் போயின. கறிக்கடை சின்னப்பா முன்பெஞ்சை இறுகப் பிடித்தார். அந்த வரி வந்தது. கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் நுனிக்காலில் எழும்பி, "ஸ்ஸ்" என்று மூச்சிழுத்து நின்றுவிட்டது.

மைக்தான் போய்விட்டது என்று எண்ணிய ஃபாதர் அதை விரலால் தட்டினார். டப், டப்.

எல்லாரும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள்.

அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அது தன் குரல்தான் என்று ரெமிஜியஸுக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. மன்னிப்பு, சோதனை, தீமை என்று மீதி முழுவதையும் அவர் ஒருவரே அத்தனை பேருக்காகவும் சொல்லி முடித்தார். அன்னம்மாள் சொல்லிவந்த பங்கு அது.

பேச அழைத்தபோது அவருக்குப் பயமில்லை. பேசுவதற்கும் அதிகம் இல்லை.

"நான் ஒருத்தன்தான் அவகிட்ட ஊசி போட்டுக்கல" என்றார். கோயில் சிரித்தது. அவர் இறங்கி வந்து, முகத்தை மறைக்கக் கைக்குட்டையைத் தேடினார்.

"அதான் சார், மீதி உங்களுக்கு மட்டும் வருது" என்றார் பின்னால் நின்ற வெங்கடகிருஷ்ணன். பிறகு தயங்கித் தயங்கி ரெமிஜியஸின் இடுப்பில் இரண்டு தட்டு தட்டினார். "நில்லுங்க சார், நில்லுங்க."

ரெமிஜியஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், மூன்றாவது தட்டுக்காக நின்றார்.